சயாம் மரண ரயில்பாதைக்கு ஒரு நாள் பயணம்: காஞ்சனபுரி போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால் காஞ்சனபுரி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தையும் (பழைய பெயர் சயாம்) பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை இந்த ஊர் வழியாகத்தான் மலைக்குள் நுழைகிறது. பாங்காக்கில் எந்த டூர் ஏஜென்சியிலும் இதற்கான ஒரு நாள் டூர் கிடைக்கும். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், இரவு திரும்பக் கொண்டுவந்து விடும்.

ஆனால் பெரும்பாலான டூர்கள் புகழ்பெற்ற க்வே ஆற்றுப் பாலத்தைக் காட்டி, கொஞ்ச தூரம் ரயிலில் ஏற்றி, சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகின்றன. இந்தப் பாதையில் அதிகம் செத்தது ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் பெரிய கூட்டம் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். அவர்களுக்கென்று அங்கே இருக்கும் இடங்கள் வழக்கமான டூர் பட்டியலில் வருவதே இல்லை. அந்த இடங்களையும் அதே ஒரு நாளுக்குள் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போகும் முன் தெரிந்திருக்க வேண்டியது

வரலாறு தெரியாமல் போனால் அங்கே கண்ணில் படுவது ஒரு பாலமும் ஒரு பாறைப் பிளவும் மட்டும்தான். அதனால் முதல் வேலை இது.

1942-ல் பர்மாவைப் பிடித்த ஜப்பானியர்களுக்கு அங்கிருந்த படைகளுக்குச் சாமான் அனுப்ப வழி வேண்டியிருந்தது. மலாய்த் தீபகற்பத்தைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியாகப் போகும் கடல்வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. அதனால் தாய்லாந்தின் நோங் ப்ளாதுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை ரயில்பாதை போட முடிவெடுத்தார்கள். இதே வழியைப் பிரிட்டிஷார் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து, மலையும் காடும் நோயும் மிகுந்த இடம், கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். ஜப்பானியர்கள் 1942-ன் நடுவில் தொடங்கி, இரண்டு முனைகளிலிருந்தும் வேலை செய்து, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா என்ற இடத்தில் தண்டவாளங்களைச் சேர்த்துவிட்டார்கள். ஏறக்குறைய 16 மாதம்.

அந்த வேகத்துக்கு விலையாகப் போனவை உயிர்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மலேயா, பர்மா, ஜாவா போன்ற இடங்களிலிருந்து வந்த ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம். முகாம்களில் இவர்களைப் பெயர்வாரியாக யாரும் பதிவு செய்யாததால் இன்றுவரை மதிப்பீடு மட்டும்தான் இருக்கிறது.

மலேயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலை இல்லாமல் கிடந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டி முதலில் ஆள் சேர்த்தார்கள். வரத் தயங்கியபோது பிடித்துப் போனார்கள். சிலர் மனைவி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சரக்கு ரயில் பெட்டிகளில் பான் போங் வரை. அதற்கப்புறம் பலருக்குக் காட்டு வழியே நடைதான். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது போர்க்கைதிகளிடம் அவர்களுடைய சொந்த ராணுவ மருத்துவர்களும் கட்டுப்பாடும் இருந்தன. கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று அவர்களால் விதி போட முடிந்தது. தோட்டத் தொழிலாளர்களின் முகாம்களில் அப்படிச் சொல்லவும் செய்யவும் ஆள் இல்லை. கைதிகளைவிட இவர்கள் பல மடங்கு அதிகமாகச் செத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அங்குள்ள பலகைகளில் ஆசியத் தொழிலாளர்களை ‘ரொமுஷா’ என்ற ஜப்பானியச் சொல்லால் குறிப்பிட்டிருப்பார்கள். அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் நின்று படியுங்கள். நம் ஆட்கள் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

எந்த மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. மார்ச் முதல் மே வரை வெயில் கொளுத்தும், மலைப்பாதையில் நடப்பது கஷ்டம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. படிகள் வழுக்கும், கொசு அதிகம். ஆனால் 1943-ல் அவர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சமாவது உணர வேண்டுமென்றால் அந்த மழையில் ஒருமுறை அங்கே நின்று பார்க்கவேண்டும். முதியவர்கள் உடன் வந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு காலங்களைக் கவனியுங்கள். ஏப்ரல் 25 ஆஸ்திரேலியர்கள் போரில் இறந்த தங்கள் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினம். ரயிலுக்கு வழிவிட மலைப்பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் (‘நரக நெருப்புக் கணவாய்’) என்ற இடத்தில் அன்று விடியற்காலையில் அஞ்சலி நடக்கும், கூட்டம் நிறைய வரும். நவம்பர் இறுதியை ஒட்டி ஊரில் பாலத்தின் பெயரில் விழாவும் ஒலி-ஒளிக் காட்சியும் நடப்பது வழக்கம். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களை விட்டுவிடலாம்.

டூரைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வழிகள் உண்டு. பலரோடு சேர்ந்து போகும் வேன் டூர் மலிவு. ஆனால் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் கையில் இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து வழிகாட்டியோடு தனி வண்டி எடுத்தால் ஆளுக்கு வரும் செலவு அதைவிட மிக அதிகமாகிவிடாது, நேரமும் உங்களுடையது. மூன்றாவது, ஒரு நாள் முன்னதாகவே காஞ்சனபுரி போய்த் தங்கி, அங்குள்ள தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகம் போன்ற இடங்கள் வழியாக வழிகாட்டி ஏற்பாடு செய்வது. பாதையைப் பற்றி ஆழமாகத் தெரிந்தவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். குடும்பமாகப் போனால் தனி வண்டியைத்தான் நான் சொல்வேன்.

பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்:

- ஹெல்ஃபயர் பாஸ் உண்டா? ‘மரண ரயில் டூர்’ என்று பெயர் போட்டிருந்தாலும் பல டூர்கள் அங்கே போவதில்லை. ஊரிலிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும் என்பதால் விட்டுவிடுகிறார்கள். இது இல்லாத டூரை எடுக்காதீர்கள்.
- அங்கே எவ்வளவு நேரம்? இரண்டு மணி நேரம் வேண்டும். முக்கால் மணி என்றால் கண்காட்சியைப் பார்த்துத் திரும்பத்தான் முடியும்.
- யானைச் சவாரி, அருவிக் குளியல், மிதக்கும் சந்தை ஏதாவது சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் வேறு டூர் பாருங்கள். அவற்றுக்குப் போகும் நேரம் இந்த இடங்களிலிருந்துதான் வெட்டப்படும்.
- வாட் தவோன் வராராம் கோயிலில் கால் மணி நேரம் நிறுத்த முடியுமா? தனி வண்டி என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.
- வழிகாட்டி நாள் முழுக்க உடன் வருவாரா, இல்லை ஓட்டுநர் மட்டுமா?

தமிழ் பேசும் வழிகாட்டி கிடைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆங்கிலம்தான். ஆசியத் தொழிலாளர்களின் முகாம்கள் எங்கே இருந்தன, அவர்களை எங்கே புதைத்தார்கள் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவையுங்கள். நல்ல வழிகாட்டி தயார் செய்துகொண்டு வருவார்.

அந்த நாள், நேரப்படி

காலை 6 மணி, பாங்காக். ஏழரைக்குக் கிளம்பினால் நகர நெரிசலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஆறுக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் காஞ்சனபுரி.

8.30, தொன் ராக் போர்க் கல்லறை. ஊருக்கு நடுவே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 பேரின் கல்லறைகள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். அமெரிக்கர்களின் எச்சங்களை அவர்கள் நாட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்கள். வெண்கலப் பலகைகளில் பெயர், படைப்பிரிவு, வயது, குடும்பத்தார் எழுதிய ஒரு வரி. வயதைப் படித்துக்கொண்டே நடங்கள், பெரும்பாலும் இருபதுகள். நைகே முகாமில் 1943 மே, ஜூனில் காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இங்கே இரண்டு குழிகளில் இருக்கிறது, அவர்களுடைய பெயர்கள் மண்டபத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நுழைவாயில் கட்டடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் அங்கே உண்டு. தாய்லாந்தின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்டு, கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனவர்கள் அவர்கள்.

இத்தனை ஒழுங்காக இந்தக் கல்லறை இருப்பதற்குக் காரணம், கைதிகள் தங்களில் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று ரகசியமாக எழுதி வைத்ததுதான். போர் முடிந்ததும் நேச நாடுகளின் குழு ஒன்று பாதை நெடுகப் போய் அந்தக் குறிப்புகளை வைத்து உடல்களைத் தோண்டி எடுத்துச் சேர்த்தது. தோட்டத்துத் தமிழர்களைத் தேடி அப்படி ஒரு குழு போகவில்லை.

9 மணி, ரயில்வே மையம். கல்லறைக்கு எதிரிலேயே இருக்கிறது. ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் 2003-ல் தொடங்கிய அருங்காட்சியகம். பாதையின் பெரிய மாதிரி, முகாம் வாழ்க்கை, நோய்கள், இறப்பு எண்ணிக்கை எல்லாம் தெளிவாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் உண்டு. ஊரில் வேறு போர் அருங்காட்சியகங்களும் உள்ளன. வாட் சாய் சும்போன் கோயில் வளாகத்தில் மூங்கில் குடிசை வடிவில் ஒன்று இருக்கிறது. ஒரு நாளில் ஒன்றுதான் முடியும் என்றால் ரயில்வே மையத்துக்கே போங்கள்.

10 மணிக்குள், வாட் தவோன் வராராம். கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வியட்நாமிய பௌத்தக் கோயில். உள்ளூரில் வாட் யுவான் என்பார்கள். வேன்கள் இதன் வாசலைத் தாண்டித்தான் போகின்றன, நிற்பதில்லை. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவுத் தூபி இங்கே இருக்கிறது. 2023-ல் தாய்லாந்து தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால், தமிழ்நாடு அரசின் நிதியுதவியோடு, இந்தப் பாதையில் இறந்த தமிழர்களுக்கு ஒரு நடுகல்லும் வைக்கப்பட்டது. போர் முடிந்து எழுபத்தெட்டு ஆண்டு கழித்து. போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறிப்பது நம்மிடம் சங்க காலம் தொட்டு வரும் வழக்கம். இங்கே பொறிக்கப் பெயர்கள் கிடைக்கவில்லை, கல்லாவது நின்றுவிட்டது. பூ வாங்கிப் போவதானால் முந்தின நாளே பாங்காக்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோயில் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

எலும்புகள் இன்னும் வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றன. 1990-ல் ஊருக்கு அருகே ஒரு கரும்புக் காட்டில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படுகிறது.

10.30-ஐ ஒட்டி, ரயில். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்கு முன்னால் கிளம்பும் பாசஞ்சர் ரயில் இந்த நேரத்தில் காஞ்சனபுரி வரும். நாம் தோக் வரை போகும், சுமார் இரண்டு மணி நேரப் பயணம். இதில் முன்பதிவு கிடையாது, வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். தாமதம் சகஜம், அதனால் பின்னால் உள்ள திட்டத்தை இறுக்கமாகப் போடாதீர்கள். கிளம்பும் முன் அன்றைய நேரத்தை வழிகாட்டியை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.

போகும் திசையில் இடது பக்கம் உட்காருங்கள். சில நிமிடங்களில் ரயில் பாலத்தைக் கடக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பின் தாம் க்ரசே வரும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கீழே க்வே நோய் ஆறு, நடுவே மரக்கால்கள் மேல் நிற்கும் பாதை. ரயில் ஊர்ந்துதான் போகும். படம் எடுக்க எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே சாய்வார்கள். பாறை கைக்கெட்டும் தூரத்தில் உரசிப் போகும் இடங்கள் உண்டு. பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரயில் நாம் தோக்கோடு நின்றுவிடுகிறது. போருக்குப் பின் பாதையைத் தாய்லாந்து விலைக்கு வாங்கியது. மேல் பகுதியின் தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன. இதுவரையுள்ள பகுதியைச் செப்பனிட்டு 1958-ல் திறந்தார்கள். உங்கள் வண்டி சாலை வழியாக முன்னால் வந்து இங்கே காத்திருக்க வேண்டும். ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

12.30, சாப்பாடு. நாம் தோக் பக்கம் எளிய கடைகள் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் ‘கின் ஜே’ என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். வெறுமனே காய்கறி சாதம் என்று கேட்டால் மீன் சாஸ் ஊற்றித்தான் வரும். நம்பிக்கை இல்லை என்றால் பாங்காக்கிலிருந்தே புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய்விடுங்கள். அரை மணிக்குள் முடித்துவிடுங்கள்.

1.30, ஹெல்ஃபயர் பாஸ். இந்த நாளின் மையம் இது. ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் 1998-ல் திறக்கப்பட்டது. அனுமதி இலவசம். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலி வழிகாட்டியும் இலவசம், தவறாமல் வாங்குங்கள். மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள்.

கண்காட்சியில் அரை மணி போதும். அப்புறம் பின்புறம் படிகளில் கீழே இறங்குங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், ஏறி வருவதும் அதே வழிதான். மூட்டு வலி உள்ளவர்கள் மேலேயே காட்சி மேடையில் இருக்கலாம். கீழே பழைய ரயில் தடத்திலேயே நடந்து போனால் பாறைப் பிளவு வரும். கொன்யு வெட்டு என்பது அதன் பழைய பெயர். சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம்.

1943 ஏப்ரல் இறுதியில் இங்கே வேலை தொடங்கி 12 வாரங்களில் முடிந்தது. முதலில் ஆஸ்திரேலியக் கைதிகள், பிறகு பிரிட்டிஷ் கைதிகளும் ஆசியத் தொழிலாளர்களும். ஒருவர் உளிக்கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைத் திருப்பி ஒரு மீட்டர் ஆழத்துக்குத் துளை போடவேண்டும். அதில் வெடி வைத்து, சிதறிய பாறையை வெறுங்கையாலும் கூடையாலும் அள்ளவேண்டும். வேலையை விரைவுபடுத்த உத்தரவு வந்ததும் நாளுக்கு 18 மணி நேரம் வரை வேலை நடந்தது. இரவில் மூங்கில் பந்தங்களும் எண்ணெய் விளக்குகளும் எரிய, எலும்பும் தோலுமான மனிதர்கள் பாறையில் அடித்துக்கொண்டிருந்த காட்சியைப் பார்த்துத்தான் கைதிகள் இந்தப் பெயரை வைத்தார்கள். காவலர்கள் அடித்தே கொன்றவர்கள் மட்டும் 69 பேர் என்று சொல்லப்படுகிறது.

சுவரை அருகில் போய்ப் பாருங்கள். துளை போட்ட நீளக் கோடுகள் பாறையில் அப்படியே இருக்கின்றன. ஓரிடத்தில் உடைந்துபோன உளிக்கம்பி உள்ளேயே சிக்கி நிற்கிறது. மழுங்கிய சிலிப்பர் கட்டைகள் சில தரையில் கிடக்கும். அவற்றின்மேல் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், உரக்கப் பேசாதீர்கள். பேரன் பேத்திகள் பூவோடு வந்து நிற்கும் இடம் இது.

தெம்பிருந்தால் தடத்திலேயே மேலே நடக்கலாம். ஹின்தோக் வரை சில கிலோமீட்டர் போகிறது. முழுதும் நடக்க ஒரு நாள் டூரில் நேரம் இருக்காது. இருபது நிமிடம் நடந்து, க்வே நோய் பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்தில் திரும்பிவிடுங்கள். மூடிய காலணி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து கட்டாயம்.

3.30-க்குக் கிளம்பி, ஐந்து மணியளவில் பாலம். எல்லா டூரும் பாலத்தில் தொடங்கும். கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலையில் கூட்டமும் குறைவு, வெயிலும் தணிந்திருக்கும். முதலில் மரப்பாலம் கட்டினார்கள், பிறகு 1943-ல் இந்த இரும்புப் பாலம். இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1944 இறுதியிலும் 1945-லும் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு நடுப்பகுதியை வீழ்த்தின. வளைந்த சட்டங்களுக்கு நடுவே நேர்க்கோடாக நிற்கும் இரண்டு சட்டங்கள் போருக்குப் பின் பொருத்தியவை.

இந்தப் பாலம் உலகப் புகழ் பெற்றது 1957-ல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ (க்வே ஆற்றுப் பாலம்) என்ற ஹாலிவுட் படத்தால். அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலையில். உண்மையில் பாலம் நின்றது மே க்லோங் ஆற்றின் மேல். படம் பார்த்துத் தேடி வந்தவர்களுக்காக 1960-களில் அந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயர் மாற்றினார்கள். படத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு இடமில்லை. இன்றுவரை டூர்கள் அவர்களைத் தாண்டிப் போவதற்கு அந்தப் படமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பாலத்தில் நடக்கலாம். ரயில் வந்தால் ஓரத்தில் ஒதுங்கி நிற்க மேடைகள் உண்டு. அருகிலேயே ஜப்பானிய ராணுவம் 1944-ல் தானே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்றும் இருக்கிறது. நேரம் இருந்தால் பாருங்கள். ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் பாங்காக் வந்துவிடலாம். அன்றிரவு விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் யாராவது சயாமுக்குப் போயிருந்தால்

மலேசியா, சிங்கப்பூர் குடும்பங்களில் இது நிறைய. தமிழ்நாட்டிலும், மலேயாவுக்குப் போய்ப் போருக்குப் பின் கடிதமே வராமல் போன தாத்தா, பெரியப்பா கதை சில வீடுகளில் உண்டு. பயணத்துக்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், வேலை செய்த தோட்டம், யாரோடு சேர்ந்து போனார், திரும்பி வந்தவர் யாராவது ஏதாவது சொன்னாரா என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய படம், பாஸ்போர்ட், கடிதம் இருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். கைதிகளின் கல்லறை என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் போட்டால் வரிசை எண் வரை கிடைக்கும். தோட்டத் தொழிலாளருக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லாததால் வீட்டு நினைவுதான் ஆதாரம்.

எழுதி முடித்ததும் உங்களோடு வைத்துக்கொள்ளாமல், மலேசியாவில் இந்த நினைவுகளைத் திரட்டிவரும் மரண ரயில்பாதை ஆர்வலர் குழுவுக்கும் ரயில்வே மையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். தோட்டத்தின் பெயரும் போன ஆண்டும் மட்டுமே தெரிந்தாலும் கொடுங்கள். அதே தோட்டத்திலிருந்து போன வேறொருவரின் குடும்பம் ஏற்கெனவே சொல்லிவைத்ததோடு அது பொருந்த வாய்ப்பிருக்கிறது.